எண்ணும் காரணமும்

ஒரு வழங்கிக் கணினி மாதக்கணக்கில் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் பராமரிப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமைக்குள் ஒரு பயமும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் சில ஆண்டுகள் பிடித்தன. நிறுத்தினால் மறுபடி ஒழுங்காக எழுந்திருக்குமா என்கிற பயம் அது.

இருபது ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தீபாவளிக்கு முந்தைய வாரம், நள்ளிரவில் மின்சாரம் போனது. யுபிஎஸ் மின்கலம் தீர்ந்ததும் லினக்ஸ் வழங்கி அணைந்தது. ஒரு மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது, வழங்கியும் தானாகவே எழுந்தது. வலைப்பக்கம் வந்தது, மின்னஞ்சல் வந்தது. விடிகாலையில் சம்பளப் பட்டியலைத் தயாரித்து வங்கிக்கு அனுப்ப வேண்டிய நிரல் மட்டும் எழவில்லை. திரையில் பிழைச்செய்தி ஏதுமில்லை. காலையில் நான் அதைக் கையால் தொடக்கியதும் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடத் தொடங்கியது. அதற்குள் வங்கி குறித்திருந்த நேரம் கடந்துவிட்டது. பண்டிகைக்குத் துணி எடுக்கக் காத்திருந்தவர்களுக்குச் சம்பளம் இரண்டு நாள் தாமதமாயிற்று. கேண்டீனில் ஒருவர் என்னிடம் ஒன்றும் கேட்காமல் எழுந்து போனது இன்னும் நினைவில் இருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க மாலையாகிவிட்டது. அந்தக் கணினியில் எந்தச் சேவை முதலில் எழும், எது பிறகு எழும் என்பதைக் கோப்புப் பெயர்களில் இருந்த ஈரிலக்க எண்கள் தீர்மானித்தன. சம்பள நிரலின் எண் 60. அது நம்பியிருக்கும் தரவுத்தளத்தின் எண் 64. தரவுத்தளம் எழுவதற்கு முன்பே நிரல் எழுந்து, கதவைத் தட்டி, ஆளில்லை என்று கண்டு, சத்தமில்லாமல் செத்திருந்தது. நான் கையால் தொடக்கியபோது தரவுத்தளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு குறையும் தெரியவில்லை.

அப்படியானால் முன்பெல்லாம் எப்படி ஓடியது? எனக்கு முன் அந்த இருக்கையில் இருந்தவரைத் தொலைபேசியில் பிடித்தேன். தரவுத்தளத்தின் எண்ணை 55 என்று மாற்றி வைத்தவர் அவர்தான். சில மாதங்களுக்கு முன் தரவுத்தளத்தின் பழைய பதிப்பை நீக்கிவிட்டுப் புதியதை நான் நிறுவியபோது, அது தன் பிறப்பு எண்ணான 64க்குத் திரும்பிவிட்டது. கொஞ்சம் கோபமாகவே கேட்டேன், இதை எங்காவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று. அவர் பொறுமையாகச் சொன்ன பதில் இது: "எழுதியிருக்கலாம் சார். ஆனால் எங்கே எழுதுவது? எண்ணுக்குப் பக்கத்தில் இடமே இல்லையே."

அந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறக்கிறது. ஒரு கணினி எழும் வரிசையைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து எழுதுவதைப் பற்றி யுனிக்ஸ் உலகில் நடந்த சண்டைகள் ஏராளம். வேகம், எளிமை, மரபு என்று பல பெயர்களில் அவை நடந்தன. என் கருத்தில் கேள்வி ஒன்றுதான். அந்தக் கூறு தன் நேரத்தை மட்டும் சொல்கிறதா, தன் காரணத்தையும் சொல்கிறதா?

*

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கெர்னல் எழுந்ததும் ஒரே ஒரு நிரலைத் தொடக்கும். அதற்கு 'இனிட்' என்று பெயர், செயல் எண் 1. மற்ற எல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். பழைய யுனிக்ஸில் இனிட் தன் வேலையை 'ஈடிசி' அடைவில் இருந்த 'ஆர்சி' என்ற ஒற்றைக் கோப்பிடம் ஒப்படைத்தது. இந்தப் பெயரே ஒரு பரம்பரைச் சொத்து. 1960களில் எம்ஐடியில் இயங்கிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில், கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி ஓடவிடும் வசதிக்கு 'ரன்காம்' என்று பெயர். அதன் சுருக்கமே ஆர்சி.

பெர்க்லியின் பிஎஸ்டி கிளையில் இந்த ஒற்றைக் கோப்பு நெடுங்காலம் வாழ்ந்தது. வட்டுகளைச் சரிபார், கோப்பு அமைப்பை ஏற்று, பிணையத்தை எழுப்பு, பின்னணிச் சேவைகளைத் தொடக்கு என்று மேலிருந்து கீழாக ஒரு கதையைப் போல வாசித்துக்கொண்டு போகலாம். உள்ளூர்ச் சேர்க்கைகளுக்கு 'ஆர்சி.லோக்கல்' என்று ஒரு பின்னிணைப்பும் உண்டு. இதை நேசித்தவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். ஒரு மாலைப் பொழுதில் முழுக்க வாசித்து முடிக்கக்கூடிய ஒரு கோப்பில் தன் கணினி எப்படி எழுகிறது என்பதை ஒருவர் தெரிந்துகொள்ள முடிந்தது. அது சிறிய விஷயமில்லை.

ஆனால் அந்தக் கதை நிகழ்ச்சிகளை மட்டுமே அடுக்கியது. இருபதாவது வரி முப்பதாவது வரிக்கு முன்னால் ஏன் வர வேண்டும், அல்லது அப்படி வந்தது தற்செயலா என்பதைக் கோப்பு சொல்லாது. இன்னொரு இடைஞ்சலும் இருந்தது. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவும்போது, மனிதன் கைபட்டு எழுதிய ஒரு கோப்பின் நடுவில் எந்த வரியைச் செருகுவது என்று நிறுவும் நிரலுக்கு எப்படித் தெரியும்? தவறான இடத்தில் செருகினால் கணினியே எழாது. ஓர் அடைவுக்குள் ஒரு புதிய கோப்பைப் போடுவது எளிது, எடுப்பதும் எளிது. ஒரே கோப்பின் வயிற்றைக் கிழித்துத் தைப்பது அப்படியல்ல.

ஏடி&டியின் சிஸ்டம் ஃபைவ் வழி இந்த இரண்டாவது இடைஞ்சலைத் தீர்த்தது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு சிறு கோப்பு. ஒவ்வோர் ஓட்டநிலைக்கும் ஓர் அடைவு. அந்த அடைவுக்குள் சேவைக் கோப்பைச் சுட்டும் பெயர்கள், 'எஸ்' என்று தொடங்கினால் தொடக்கு, 'கே' என்று தொடங்கினால் நிறுத்து. அதற்கு அடுத்து ஈரிலக்க எண், பிறகு சேவையின் பெயர். அகரவரிசையில் படித்தால் வரிசை கிடைத்துவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. லினக்ஸ் வகைகளில் பெரும்பாலானவை பல ஆண்டுகள் இதைத்தான் பின்பற்றின. என் சம்பள நிரல் செத்ததும் இந்த ஏற்பாட்டுக்குள்தான்.

பிரித்தது சரி. பிரித்தபின் அந்தத் துண்டுகளுக்கு இடையிலான உறவை எண்ணாகச் சுருக்கியதுதான் கோளாறு. 60 என்பது 55க்குப் பின், 64க்கு முன். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 55 என்பது யாரை முன்னிட்டு வைக்கப்பட்டது, அதை 56 ஆக்கினால் யாருக்கு வலிக்கும் என்று அதைக் கேட்டால் பதில் வராது. ஒற்றைக் கோப்பிலாவது ஒரு குறிப்பு வரி எழுதலாம். எண்ணின் அருகில் அதற்கும் இடமில்லை. நேரம் எஞ்சியது, காரணம் அதை எழுதியவரோடு வேலையை விட்டுப் போய்விட்டது.

இலக்கிய வாசகர்களுக்கு இது புதிய சிக்கலாக இருக்காது. குறட்பாக்கள் ஓர் அதிகாரத்துக்குள் நிற்கும் வரிசை பழைய உரையாசிரியர்களிடையே வேறுபடுகிறது. மணக்குடவர் வைத்த இடத்தில் பரிமேலழகர் எல்லா இடங்களிலும் வைக்கவில்லை. ஒரு குறள் தான் எந்தக் குறளுக்குப் பின் நிற்க வேண்டும் என்று தன்னுள் எழுதிக்கொண்டு வருவதில்லை. ஆகவேதான் பரிமேலழகர் அதிகாரந்தோறும் முகப்பில், இது முன்னதன் பின் ஏன் வைக்கப்பட்டது என்று அதிகார முறைமையைச் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் சொல்லும் காரணத்தை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு ஒரு காரணம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. வெறும் எண்ணோடு யாரும் வாதாட முடியாது.

*

காரணத்தை அந்தந்தக் கூறுக்குள்ளேயே எழுத இடம் தந்த அமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது நெட்பிஎஸ்டியின் 'ஆர்சி.டி'. 2000 டிசம்பரில் வந்த நெட்பிஎஸ்டி 1.5 பதிப்பில், 4.4பிஎஸ்டியிலிருந்து மரபாக வந்த ஒற்றை ஆர்சி கோப்பை நீக்கிவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான லூக் மியூபர்ன், 2001இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். தொழில்நுட்பக் கட்டுரைகளில் அபூர்வமான ஒரு நேர்மை அதில் உண்டு. வடிவமைப்பைப் பற்றி ஆறு ஆண்டுகள் விவாதம் நடந்ததை அது சொல்கிறது. செயல்முறை விவரங்களோடு, மனிதர்களுக்கிடையே எழுந்த சிக்கல்களையும் தனியாக எடுத்துப் பேசுகிறது. கணினி எழும் வரிசையை மாற்றுவதற்கு ஆறு ஆண்டு வாக்குவாதமா என்று சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. தங்கள் கணினி எப்படி எழுகிறது என்பதைத் தாங்களே வாசித்துப் புரிந்துகொள்ளும் உரிமைக்காக அவர்கள் சண்டையிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு ஷெல் கோப்பு. அதன் தலைப்பில், '#' குறியுடன் தொடங்கும் குறிப்பு வரிகளாகச் சில சொற்கள். 'பிரொவைட்' என்ற வரி நான் எதைத் தருகிறேன் என்று சொல்லும். 'ரிக்வயர்' என்ற வரி எனக்கு முன் எவை இருந்தாக வேண்டும் என்று சொல்லும். 'பிஃபோர்' என்ற வரி நான் எவற்றுக்கு முன் முடிய வேண்டும் என்று சொல்லும். ஷெல்லைப் பொறுத்தவரை இவை வெறும் குறிப்புகள், அது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். 'ஆர்சிஆர்டர்' என்ற சிறிய நிரல் ஒன்று இந்த வரிகளை மட்டும் வாசித்து, எல்லாருடைய தேவைகளும் நிறைவேறும்படி ஒரு வரிசையைக் கணக்கிட்டுத் தருகிறது. மனிதனுக்கு எழுதிய குறிப்பே இயந்திரத்துக்கும் கட்டளையாகிறது. குறிப்பு ஒன்று, நடப்பு வேறு என்று இரண்டும் பிரிந்து போக வழியில்லை.

இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. ஒன்றையொன்று சார்ந்த வேலைகளை வரிசைப்படுத்தும் முறை ஒன்றை ஆர்தர் கான் 1962இலேயே வெளியிட்டுவிட்டார். 1979இன் ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் இதற்கென்றே 'டிசார்ட்' என்ற கட்டளை இருந்தது. கருவி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. கணினி எழும் வரிசையும் அப்படிச் சார்புகளிலிருந்து பெறப்பட வேண்டிய ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ளத்தான் காலம் ஆனது.

ஆர்சி.டியில் இன்னொரு நுட்பம் உண்டு. சில கோப்புகள் ஒரு வேலையும் செய்வதில்லை. 'நெட்வொர்க்கிங்', 'சர்வர்ஸ்', 'டீமன்', 'லாகின்' என்று பெரிய எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டு சாலையோர மைல்கற்களைப் போல நிற்கின்றன. ஒரு சேவை எந்தெந்தப் பிணையக் கோப்புகளெல்லாம் முடிய வேண்டும் என்று பட்டியல் போட வேண்டியதில்லை. நெட்வொர்க்கிங் என்ற கல்லைத் தாண்டினால் போதும் என்று சொல்லிவிடலாம். சிஸ்டம் ஃபைவின் ஓட்டநிலைகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அம்மியை மட்டும் கேட்டு வாங்குவதுபோல், தேவையானதை எடுத்து மற்றதை அங்கேயே விட்டார்கள். 2002இல் ஃப்ரீபிஎஸ்டி இந்த அமைப்பைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. இன்றும் அங்கே இதுதான் ஓடுகிறது.

லினக்ஸ் பக்கமும் இதே உண்மை வந்து சேர்ந்தது. சேவைக் கோப்புகளின் தலைப்பில் தேவைகளைக் குறிப்பு வரிகளாக எழுதும் வழக்கம் அங்கும் ஏற்பட்டது. 2011இல் வெளியான டெபியன் 6.0 அந்தக் குறிப்புகளைக் கொண்டே எண்களைக் கணக்கிட்டது. எண்கள் இருந்தன. ஆனால் அவை காரணத்திலிருந்து பிறந்த எண்கள்.

*

காரணத்தை எழுத இடம் கிடைத்தால் மட்டும் என் சம்பள நிரல் பிழைத்திருக்குமா? பாதிதான். எனக்கு முன் இருந்தவர் செய்த மாற்றத்தைப் புதிய நிறுவல் அழித்ததே, அது இன்னொரு குற்றம். ஆக்கியவரின் எழுத்தும் உடையவரின் எழுத்தும் ஒரே இடத்தில் இருந்தன. ஆக்கியவர் திரும்ப வந்தபோது உடையவரின் எழுத்தின் மேலேயே எழுதிவிட்டுப் போனார்.

நல்ல அமைப்பில் இந்த இரண்டு கைகளும் வேறு வேறு தாள்களில் எழுதும். ஃப்ரீபிஎஸ்டியில் இயல்பான மதிப்புகள் எல்லாம் 'டிஃபால்ட்ஸ்' அடைவில் உள்ள 'ஆர்சி.கான்ஃப்' கோப்பில் இருக்கும். அதை நாம் தொடக் கூடாது, ஒவ்வொரு பதிப்பிலும் அது மாற்றி எழுதப்படும். நம் விருப்பம் 'ஈடிசி' அடைவில் அதே பெயருள்ள இன்னொரு கோப்பில் இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். இந்தச் சேவை வேண்டும், அந்தச் சேவை வேண்டாம் என்று ஆளுக்கொரு வரி. அதைத் திறந்து பார்த்தால், உலகத்தில் உள்ள மற்ற எல்லா ஃப்ரீபிஎஸ்டி கணினிகளிலிருந்தும் இந்தக் கணினி எந்தெந்த விதத்தில் மாறுபட்டது என்பது தெரிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருபவருக்குக் கொடுக்க வேண்டிய முதல் தாள் அதுதான். அவர் அதை வாசித்து முடிக்கும்போது தனக்கு முன்னிருந்தவரின் முடிவுகளையும் வாசித்திருப்பார்.

*

இனி சிஸ்டம்டிக்கு வர வேண்டும். இந்தப் பெயரைச் சொன்னாலே கூடத்தில் இரண்டு கட்சிகள் எழுந்து நிற்கும். லென்னார்ட் பாட்டரிங் 2010 ஏப்ரலில் அறிவித்தது. ஃபெடோரா 2011இல் இதை இயல்பாக ஏற்றது. டெபியனின் தொழில்நுட்பக் குழு நெடிய சச்சரவுக்குப் பின் 2014 பிப்ரவரியில் இதைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஒரு சாரார் பிரிந்து போய் டெவுவான் என்ற தனிக் குடித்தனத்தைத் தொடங்கினார்கள். முதல் நிரலின் கையில் இத்தனை வேலைகளைக் குவிக்கலாமா என்ற அவர்களுடைய கேள்வி நியாயமானது. நிகழ்வுப் பதிவுகளைச் சாதாரண உரைக்கோப்பாக வைக்காமல் தனிக் கருவியால் மட்டும் வாசிக்கும் வடிவில் வைத்தது எனக்கும் உவப்பில்லை. ஆயினும் என் அளவுகோலை வைத்துப் பார்த்தால் சிஸ்டம்டிக்கு ஒரு பாராட்டைச் சொல்லியே ஆக வேண்டும்.

தேவையும் வரிசையும் வேறு வேறு என்பதை அது பிரித்துக் காட்டியது. 'ரிக்வயர்ஸ்' என்று எழுதினால், என்னைத் தொடக்கும்போது அவனையும் தொடக்கு, அவன் இல்லாமல் நான் இல்லை என்று பொருள். யார் முன், யார் பின் என்று அது சொல்வதில்லை. அதற்கு 'ஆஃப்டர்' என்று தனி வரி எழுத வேண்டும். முதன்முறை பயன்படுத்துபவர்கள் எல்லாரும் இங்கே தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். ஆனால் யோசித்தால் இது சரியான பிரிவினை. கல்யாணத்துக்கு மேளக்காரர் வேண்டும் என்பது வேறு, மேளக்காரர் வந்தபின்தான் சமையல் தொடங்க வேண்டும் என்பது வேறு. இரண்டையும் ஒரே எண்ணுக்குள் அடைத்து வைத்திருந்த காலம் போய், இரண்டையும் தனித்தனியே சொல்ல ஒரு மொழி கிடைத்தது. ஆக்கியவரின் கோப்பு ஓர் அடைவில், உடையவரின் கோப்பு வேறோர் அடைவில் என்ற ஒழுங்கும் அங்கே உண்டு. ஆக்கியவரின் கோப்பைத் தொடாமல், ஒரு துணை அடைவில் இரண்டு வரித் துண்டை வைத்து அதன் நடத்தையை மாற்ற முடியும்.

எதிர்க்கட்சியினர் சொல்வது ஒன்றுண்டு. இப்படிக் கணக்கிட்டுப் பெறும் வரிசை எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை, ஆகவே அதை வாசிக்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அது ஆர்சி.டிக்கும் பொருந்தும். அங்கும் வரிசை வேண்டுமானால் ஆர்சிஆர்டரை ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எழுதப்பட்ட வரிசைதான் வேண்டும் என்பவர்களுக்கு ஓபன்பிஎஸ்டி இருக்கிறது. அவர்கள் சேவைகளைக் கூறுகளாகப் பிரித்தார்கள், ஆனால் அடிப்படைச் சேவைகளின் வரிசையை ஆர்சி கோப்பில் தங்கள் கையாலேயே எழுதிவைத்தார்கள். பிறகு நிறுவும் மென்பொருள்கள் எந்த வரிசையில் எழ வேண்டும் என்பதை உடையவர் ஒரு வரியில் பட்டியலிடுகிறார். சிறிய குடும்பத்துக்கு அது போதும். வெவ்வேறு ஊர்களில் இருப்பவர்கள் எழுதிய நூறு சேவைகள் ஒரே கணினியில் கூடும்போது, எல்லாருடைய தேவைகளையும் ஒரு தலைக்குள் வைத்திருப்பவர் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஒருநாள் வேலையை விட்டுப் போவார். என் அனுபவம் அதைத்தான் சொல்கிறது.

*

காரணத்தை எழுத இடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி முடித்தால் நான் பொய் சொன்னவனாவேன். இடம் கிடைத்தபின் நாம் அங்கே என்ன எழுதுகிறோம்?

சிஸ்டம்டி கோப்புகளில் மிக அதிகமாகக் கண்ணில் படும் வரிகளில் ஒன்று, 'நெட்வொர்க்.டார்கெட்'டுக்குப் பின் என்னைத் தொடக்கு என்பது. எழுதுகிறவர்களில் பலர், பிணையம் எழுந்து முகவரி கிடைத்தபின் என்று இதற்குப் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் அந்த இலக்கு அப்படி எந்த உறுதியும் தருவதில்லை. பிணையத்தை நிர்வகிக்கும் மென்பொருள் தொடக்கப்பட்டுவிட்டது என்பதற்கு மேல் அதில் அதிகமில்லை. பிணையம் உண்மையிலேயே வந்துசேர்ந்த பின்புதான் தொடங்க வேண்டும் என்றால் அதற்கு 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' என்று வேறோர் இலக்கு இருக்கிறது. சிஸ்டம்டியின் ஆவணங்களே இதைத் தெளிவாகச் சொல்கின்றன. இருந்தும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படியெடுக்கிறார், அவரிடமிருந்து மூன்றாமவர். ஆர்சி.டி உலகமும் இதற்கு விலக்கல்ல. உண்மையில் தேவை எது என்று யோசிக்காமல், லாகின் என்ற கடைசி மைல்கல்லைத் தேவை என்று போட்டுவிட்டால் எப்படியும் ஓடிவிடும் என்று நினைத்துக் கோப்பெழுதியவர்கள் உண்டு. நானும் எழுதியிருக்கிறேன்.

எண்ணுக்குக் காரணம் தெரியாது, ஆகவே அது பொய் சொல்லவும் முடியாது. காரணம் எழுதும் மொழியில்தான் பொய்யும் எழுத முடியும். படியெடுத்த காரணம் பழைய எண்ணைவிட ஆபத்தானது. எண்ணைக் கண்டால் சந்தேகம் வரும், யாரையாவது கேட்கத் தோன்றும். 'இதற்குப் பின்' என்று தெளிவாக எழுதப்பட்ட வரியைக் கண்டால் நம்பிக்கை வந்துவிடும். யாரோ யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நாம் கடந்து போய்விடுவோம்.

ஆகவே என் வேண்டுகோள் இயங்குதளம் எழுதுகிறவர்களுக்கு அல்ல. அவர்கள் தங்கள் பங்கைப் பெரும்பாலும் செய்துவிட்டார்கள். அது ஆர்சி.டியோ சிஸ்டம்டியோ, அதில் தேவை வரிகளை எழுதுகிற நமக்குத்தான். ஒரு வரியைச் சேர்க்கும்போது, இந்த வரி இல்லாவிட்டால் என்ன உடையும் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் தெரிந்தால் அதைப் பக்கத்தில் ஒரு குறிப்பாக எழுத வேண்டும். தெரியாவிட்டால் அந்த வரியை நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்க்க வேண்டும். மின்சாரம் போகும் இரவுவரை அந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. பல மாதங்கள் நிறுத்தாமல் ஓடும் கணினியைவிட, எந்த நேரத்திலும் தயக்கமில்லாமல் நிறுத்தி எழுப்பக்கூடிய கணினியைத்தான் இப்போது நான் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இன்று நான் பராமரிக்கும் கணினி ஒன்றில், தரவுத்தளத்தை நம்பியிருக்கும் ஒரு சேவை உண்டு. ஆக்கியவரின் கோப்பில் அந்தத் தேவை எழுதப்படவில்லை. உடையவருக்கான அடைவில் ஒரு சிறிய துண்டுக் கோப்பை வைத்திருக்கிறேன். தேவைக்கு ஒரு வரி, வரிசைக்கு ஒரு வரி. அவற்றுக்கு மேலே, '#' குறிக்குப் பின், தமிழிலேயே ஒரு குறிப்பு: 'தரவுத்தளம் எழுவதற்கு முன் இது எழுந்தால் சத்தமில்லாமல் செத்துவிடும். நீக்குவதாக இருந்தால், நீக்கியபின் ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்க்கவும்.' எனக்குப் பின் அந்த இருக்கைக்கு வருபவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, இதை எங்காவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று கேட்க வேண்டியிருக்காது.